வளர இடம் விட்ட குல்லாய்

ஜனவரி 20

அன்புள்ள நூல்கண்டுக்கு அப்பா எழுதுவது.

நலம். கல்யாணமான பிறகும் எனக்கு நீ நூல்கண்டுதான் மகளே; நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. ஆனால் ஒன்றைக் கவனி. இது முன்பு மாதிரி தையற்கடைக்காரர் எழுதித் தந்த கடிதம் இல்லை. எழுபத்தொரு வயதில் உன் அப்பா தன் கையால் எழுதிய முதல் கடிதம். பத்திரமாக வை.

மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, மருந்துச்சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் விடுவதில்லை. நீயும் கடிதமே போடு. முப்பத்தெட்டு வருடம் சாக்ஸ் ஆலையில் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டதில் அந்த இரைச்சலுக்குக் காது மந்தமாயிற்று. போனில் உன் குரல் கொசு பாடுவது மாதிரிதான் கேட்கிறது.

இரண்டாவது செய்தி. பிறக்கப்போகும் குழந்தைக்கு உடுப்பெல்லாம் நானே பின்னப்போகிறேன். வட்ட ஊசி வாங்கிவிட்டேன். இரண்டு குட்டி ஊசிகள், நடுவில் ஒரு நைலான் கயிறு. சுற்றிச் சுற்றிப் பின்னினால் குழாய் மாதிரி வரும், தையலே இருக்காது. நூல்கடை அம்மாள் என்னைப் பார்த்து, “பொண்ணு எழுதிக் குடுத்த சீட்டு இருக்கா பெரியவரே?” என்றாள்.

“சீட்டு எதுக்கு? எனக்குத்தான்.”

“உங்களுக்கா? ஆம்பளைங்களுக்கு எதுக்கு இது?”

எனக்கு வந்ததே கோபம். “முப்பத்தெட்டு வருஷம் எட்டு மெஷின் சாக்ஸ் பின்னுறதை உத்துப் பாத்தவன்மா நான். நீ எத்தனை பாத்திருக்கே?” என்றேன். ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் குல்லாய் பாழ். ஊசியில் எண்பது நூல்கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்க்கும்போது முதல் வரிசை கயிற்றில் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டது. நான் பார்க்கவில்லை. நான்கு விரல் அகலம் பின்னிய பிறகுதான் தெரிந்தது. முறுக்கிய குழாயை நேராக்க வழியே கிடையாது. முழுக்கப் பிரித்தேன். இப்போது தேறிவிட்டேன். எப்போது குழந்தை, என்ன அளவு என்று எழுது.

உன் அப்பா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் நூல்கண்டு எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து பார்த்து, “இதுவா கோணல்? எங்க டிப்போ மேனேஜர் எழுத்தை உங்கப்பா பாத்ததில்ல” என்றார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்.

ஜூலை கடைசி வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, சின்ன வீடு. ஜன்னல் ஓரம் தொட்டிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டோம். பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு முப்பத்துநான்கு செண்டிமீட்டர் இருக்குமாம். நூல் குத்தக்கூடாது. சிவப்பு வேண்டாம் அப்பா, உங்களைத் தெரியும்.

உங்கள் நூல்கண்டு

*

ஏப்ரல் 2

அன்புள்ள நூல்கண்டுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமா? வாந்தி நின்றதா?

இத்துடன் பார்சலில் மூன்று குல்லாய், இரண்டு கால்சட்டை, நான்கு ஜோடி காலுறை. எல்லாம் முப்பத்துநான்கு செண்டிமீட்டர் தலைக்கு ஏற்றபடி. சிவப்பு ஒன்றே ஒன்றுதான், அதையும் திட்டாமல் போட்டுவிடு.

தையல் இல்லாமல் பின்னுவது ஏன் என்று மாப்பிள்ளைக்கு விளக்கு. எங்கள் ஆலைக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி விரல் பக்கத்துத் தையல் பற்றித்தான். பெரியவர்கள் காலையே அது கடிக்கும் என்றால் குழந்தைத் தலையை என்ன செய்யும்?

மாலை வகுப்பு டீச்சர் மேல் எனக்குக் கோபம். கண்ணியை எண்ணிக்கொண்டே பாடம் கேட்டேன். “தாத்தா, வகுப்புல என்ன பின்னல்? ஊசியை உள்ள வைங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பத்தேழில் நின்ற எண்ணிக்கை போயிற்று. “கையும் காதும் வேற வேறம்மா. என் கை வேலை செய்யறப்பதான் மண்டை நல்லாக் கேக்கும்” என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் சொன்ன பாடத்தை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள். இந்தக் காலத்தில் ஒரு மனிதன் எதைச் செய்தால் சிரிக்காமல் இருப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பார்சல் வந்ததும் எழுது.

உன் அப்பா

*

மே 4

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீ சுகமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ எழுதுவதே இல்லை.

பார்சல் அனுப்பி முப்பத்திரண்டு நாள் ஆகிறது. வந்ததா, பிடித்ததா, சிவப்பைப் பார்த்து முகம் சுளித்தாயா, ஒன்றும் தெரியவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். நேற்று மடக்கிப் பிடித்தேன்.

“எனக்கு ஏதாவது இருக்கா?”

“இருந்தா ஒளிச்சி வெச்சி நான் என்ன பண்ணப்போறேன் பெரியவரே? வந்தா ஓடிவந்து குடுக்கிறேன், சட்டையை விடுங்க.”

அவர் சட்டையைப் பிடித்தேன் என்பது கேவலம். அந்தக் கேவலத்துக்கு நீதான் காரணம். மாப்பிள்ளைக்கும் கையில்லையா? பஸ் ஓட்டுகிற கை ஒரு பேனாவைப் பிடிக்காதா? ஒருத்தன் எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்து, யாருக்கு எழுதுவதற்காகப் படித்தானோ அவள் பதில் போடமாட்டாள் என்றால் அவன் என்ன செய்வது? பஸ் டிக்கெட்டையே படித்துக்கொண்டிருப்பதா?

அப்பா

*

மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். பார்சல் வந்தது. எல்லாம் மிக அழகு. இங்கே எல்லாரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

ஓர் உதவி வேண்டும். அவசரம். ஒரு குல்லாய் பின்னி அனுப்ப முடியுமா? தலைச் சுற்றளவு இருபத்தைந்து செண்டிமீட்டர். பருத்தி நூல் மட்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் கெடாத நூல். தையல், பொத்தான், நாடா எதுவும் இருக்கக்கூடாது.

உங்கள் மாத்திரையை மறக்காதீர்கள்.

நூல்கண்டு

*

மே 17

அன்புள்ள மகளுக்கு,

சுகம். உன் சுகத்தையும் இரண்டு வரியில் முடித்துவிட்டாய், நன்றி.

இருபத்தைந்து செண்டிமீட்டரா? நாடாவை எடுத்து என் முஷ்டியை அளந்தேன். இருபத்தேழு. ஒரு கிழவன் முஷ்டியைவிடச் சின்னத் தலை எந்தக் குழந்தைக்கு இருக்கிறது? பொம்மைக்கா? என்னை என்னவென்று நினைத்தாய்? எழுத்துத் தெரியாத காலத்திலேயே எனக்கு எண் தெரியும். எட்டு மெஷினின் அளவும் என் விரல் நுனியில் இருந்தது. நீ பிப்ரவரியில் முப்பத்துநான்கு என்றாய். இப்போது இருபத்தைந்து என்கிறாய். தலை வளருமா, தேயுமா? எழுதிய கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஒட்டக்கூடாதா? படித்தவர்களுக்கு எழுத்து என்றால் இளக்காரம்.

நான் சரியான அளவில் பின்னியிருக்கிறேன். பருத்தி நூல், தையல் இல்லை, நீ கேட்டபடியே. போன தடவை இறுக்கமாகப் போயிற்றோ என்று வளர இடம் விட்டு முப்பத்தாறு செண்டிமீட்டராகப் போட்டிருக்கிறேன். குழந்தை ஒரு வயது வரை போடலாம்.

அப்பா

*

மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

குல்லாய் வந்தது. மிகப் பெரியது. தயவுசெய்து நான் சொல்கிற அளவிலேயே பின்னுங்கள். இத்துடன் ஒரு நாடாத் துண்டு வைத்திருக்கிறேன். அது எவ்வளவு நீளமோ அதுதான் தலைச் சுற்றளவு. வளர இடம் விட வேண்டாம். இங்கே எந்த நூலை ஒப்புக்கொள்கிறார்களோ அந்த நூலிலேயே ஒரு கண்டும் அனுப்புகிறேன். நான் பின்னிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. கடையில் இந்த அளவில் இல்லை.

சீக்கிரம் அப்பா.

நூல்கண்டு

*

ஜூன் 2

மகளுக்கு,

நூல்கண்டையும் நாடாவையும் ஒரு காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தாய். முன்பு என்றால் அதில் நேராக அடுப்புப் பற்றவைத்திருப்பேன். உனக்கும் அந்த நினைப்புத்தான். எழுத்துத் தெரியாத அப்பா இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் நீ. எந்தக் காகிதத்தையும் என் கண்முன்னால் தைரியமாகப் போடலாம் என்பது உன் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. நான் எழுதியதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதினாய். ஆனால் நம்பவில்லை.

நான் அதைப் படித்தேன். ‘குறைமாதக் குழந்தைகள் பிரிவு. தாய்மார்கள் கவனத்துக்கு.’ கைகளை முழங்கை வரை கழுவவும். சத்தமாகப் பேசவேண்டாம். குல்லாய் பருத்தியில், தையல் இல்லாமல் இருக்கவேண்டும். கீழே பேனாவில், கட்டில் எண் 6, பெண், ஏப்ரல் 24, 920 கிராம்.

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். சில சொற்கள் பெரியவை. இரண்டு தடவை பின்னால் போனேன். நான் தாத்தா ஆன செய்தி ஐந்து வாரம் கழித்து, பார்சல் சுற்றிய காகிதத்தில் இருந்து வந்தது. அப்புறம் என் முஷ்டியை மடக்கி மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். படிக்க வந்ததும் நான் செய்த முதல் காரியம், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தது. எனக்கு வந்த பழைய கடிதமெல்லாம் அதில்தான் இருந்தது. உன் அம்மா படித்துக் காட்டிய கடிதங்கள். என் அண்ணன் சாவதற்கு முந்தைய வருடம் மூன்று கடிதம் எழுதியிருக்கிறான். மூன்றிலும் ஒரே வரி. ‘ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போடா.’ அவள் எனக்குப் படித்ததோ, ‘உங்க அண்ணன் சுகமாம், எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொன்னாராம்.’ ஆலையில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். லீவு போட்டால் வேலை போகும் என்று பயந்திருப்பாள். நான் சாவுக்குத்தான் போனேன். இப்போது அவளைக் கேட்கவும் முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்தவர் வாயில் இருந்து கடிதம் கேட்டால் அடுத்தவர் விரும்பியதுதான் கிடைக்கும் என்றுதானே நான் எழுத்துப் படித்தேன்? இப்போது நானே படிக்கிறேன். நீயோ எழுதும்போதே விட்டுவிட்டு எழுதுகிறாய். ‘எல்லாரும் நலம்.’ அப்படியென்றால் நான் எதற்காகப் படித்தேன்? நீயே சொல்.

குல்லாய் இத்துடன் இருக்கிறது. இவ்வளவு சின்ன வட்டத்துக்கு என் ஊசி உதவவில்லை, கயிறு குல்லாயைவிட நீளம். இதைவிடக் குட்டைக் கயிறு வேண்டும் என்று நூல்கடைக்குப் போனேன். “இல்லே பெரியவரே, சின்னதுக்குத்தான் பெரிய கயிறு வேணும். மிச்சக் கயிறை நடுவுல வளையமா இழுத்து வெளிய விட்டுட்டு, பாதிப் பாதியாப் பின்னுங்க” என்று காட்டிக் கொடுத்தாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். ஸ்டூலை எடுத்துப் போட்டாள். கடையிலேயே உட்கார்ந்து பின்னி, நேராகத் தபால் ஆபீஸுக்கு வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

நாடாவின் அளவு இருபத்தாறு. வளர இடம் விடவில்லை.

அப்பா

*

ஜூன் 11

அப்பா,

நானும் கோபமாகத்தான் எழுதப்போகிறேன்.

பெரியப்பாவின் மூன்றாவது கடிதத்தை உங்களுக்குப் படித்தது அம்மா இல்லை. நான். எனக்குப் பதினொரு வயது. அம்மா சமையலறைக் கதவில் நின்று தலையை ஆட்டினாள். நான் அந்த வரியைத் தாண்டினேன். நீங்கள், “எவ்வளவு கடகடன்னு படிக்குது பாரு என் பொண்ணு” என்று என் முதுகில் தட்டினீர்கள். உங்களுக்குக் கடிதம் என்றால் எதையாவது தாண்டவேண்டும் என்று அன்றைக்குப் பழகியதுதான். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூடக் கை தானாகத் தாண்டப் பார்க்கிறது.

ஏப்ரல் 24க்குப் பிறகு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது. உங்கள் நெஞ்சு மாத்திரையை நினைத்தேன், அதுவும் ஒரு சாக்குத்தான். ‘சுகப்பிரசவமா?’ என்று நீங்கள் கேட்டால் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் மட்டும்? இருபத்தைந்து என்று எழுதினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் எண்ணறிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். வளர இடம் விட்டு நீங்கள் பின்னிய குல்லாயை நான் அந்தப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனேன் அப்பா. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தலையில் இருந்து இடுப்பு வரைக்கும் வந்தது. அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சரி. இனி தாண்டாமல் எழுதுகிறேன்.

மூக்கில் குழாய் இருக்கிறது. நெஞ்சில் மூன்று கம்பி. நானும் அவரும் முறை வைத்து உட்கார்கிறோம், அவர் யூனிஃபார்மோடு நேராக டிப்போவில் இருந்து வருகிறார். தொட இரண்டு விரல்தான் விடுகிறார்கள். நேற்று முன்தினம் 1,230 கிராம். நேற்று 1,210. இருபது கிராம் குறைந்துவிட்டது. பாலை வாந்தி எடுத்தாள், பால் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொற்றா என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. “என்ன ஆகும் டாக்டர்?” என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உங்கள் குல்லாய் சரியாக இருக்கிறது. குழாய்க்கு அடியில் தோல் கடிபடவில்லை. “யாரு பின்னினாங்க? அடுத்த கட்டில் பாப்பாவுக்கும் கிடைக்குமா?” என்று நர்ஸ் கேட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

நூல்கண்டு

*

ஜூன் 19

என் நூல்கண்டுக்கு அப்பா எழுதுவது.

இதில் நலம் விசாரிப்பு கிடையாது. நீ நலமில்லை. நானும் நலமில்லை. மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன். அதற்குப் பிறகும் உனக்கு ‘நான் சுகம்’ என்றுதான் எழுதினேன். விட்டுவிட்டு எழுதுகிறாய் என்று உன்மேல் பாய்ந்த அந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போனதும் அந்தக் கம்போடுதான். வழியில் இது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் போட்டேன்.

உன் கடிதம் வந்தபோது தபால்காரர் தானாகவே என் வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல சேதியா பெரியவரே?” என்றார்.

“இல்லே. பேத்திக்கு இருபது கிராம் குறைஞ்சிடுச்சாம்” என்றேன்.

“அப்ப ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?”

நான் சிரித்தேனா என்பதே எனக்குத் தெரியாது. அவருக்கு எப்படிச் சொல்வது? எழுபத்தொரு வருடத்தில் எனக்கென்று வந்த முதல் கடிதம் அது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் எனக்குத் தாங்கும் என்று யாரோ நினைத்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தது. அந்த ‘1,210’ஐ விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது சிரிப்பில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினொரு வயதுக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. முதுகில் தட்டியவன்மேல்தான் கோபம். முப்பத்தைந்து வயதுக்காரிமேல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, ஆறும். ஏன் என்று நான் கேட்கவில்லை என்றாய். உண்மை. எழுத்துத் தெரிந்த கர்வத்தில் உன் கடிதத்தில் தப்புக் கண்டுபிடித்தேன், உன்னைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த முப்பத்தாறு செண்டிமீட்டர் குல்லாயைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிரித்து நூலை எடுத்துக்கொள். சிக்கினால் எனக்கு அனுப்பு.

அந்த டாக்டர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ‘பாக்கலாம்’ என்றால் என்ன பதில் அது? பிறகு யோசித்தேன். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் யாரும் அதைச் செய்ததில்லை.

இத்துடன் ஐந்து குல்லாய். இருபத்தேழு ஒன்று, இருபத்தெட்டு ஒன்று. இருபத்தாறு மூன்று, அடுத்த கட்டில்களுக்கு. அந்தத் தாய்மாரிடம் கேட்டுவிட்டுக் கொடு. உனக்குத் தெரிந்தால் அந்தக் குழந்தைகளின் எடையையும் எழுது. ரத்தப் பரிசோதனை முடிவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே எழுது. கை தாண்டப் பார்த்தால் தாண்டிய இடத்துக்குத் திரும்பப் போய் எழுது. எனக்குத் தாங்குமா என்று நீ பார்க்காதே, அது என் வேலை.

கீழே அவளுக்குத் தனியாக நான்கு வரி எழுதியிருக்கிறேன். கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் படித்துக் காட்டு. ஒரு சொல்லையும் விடாதே.

ஆறாம் எண் கட்டில்காரிக்கு,

உன் தாத்தா எழுதுகிறேன். என் எழுத்து கோணல், பொறுத்துக்கொள். உனக்கு இருபது கிராம் குறைந்துவிட்டதாம், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருபத்தெட்டு செண்டிமீட்டர் குல்லாய் வருகிறது, அது உனக்கு இப்போது பெரிது. பால் கொடுக்கும்போது குடி. உன் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும்தான். என்ன நடந்தாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன்.